கொலெக்டிவ் தீவிபத்து: தீயிலிருந்து மீட்கப்பட்டவர்கள் மருத்துவமனையில் இறந்தது எப்படி?

2015 அக்டோபர் 30, வெள்ளிக்கிழமை இரவு. ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் ‘கொலெக்டிவ்’ என்ற இசை விடுதியில் தீப்பிடித்தது. சம்பவ இடத்திலேயே 26 பேர் இறந்தார்கள். மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்களில் சிலர் சில நாட்களிலும் சிலர் பல வாரங்கள் கழித்துமாக இன்னும் 38 பேர் இறந்தார்கள். தீ பறித்த உயிர்களைவிட, தீயிலிருந்து வெளியே கொண்டுவரப்பட்ட பிறகு போன உயிர்கள் அதிகம்.

ருமேனியாவில் இந்தச் சம்பவம் ஊழல் வழக்காகவும் அரசியல் வழக்காகவும் ஆயிரம் முறை பேசப்பட்டுவிட்டது. நான் எடுத்துக்கொள்வது அதன் மருத்துவப் பக்கத்தை. உடலில் பெரும்பகுதி வெந்துபோன ஒருவருக்கு நோய் எதிர்ப்பு ஆற்றல் எப்படி, எந்த வரிசையில் சரிகிறது? சரிந்த பிறகு அவரைச் சுற்றியுள்ள படுக்கை, குழாய், கை, கிருமிநாசினி எல்லாம் அவருடைய உயிரோடு எப்படிப் பிணைந்துவிடுகின்றன? இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க கொலெக்டிவைவிடத் தெளிவான நிகழ்வு சமீப கால ஐரோப்பாவில் இல்லை என்பது என் கருத்து.

அந்த இரவு

பழைய காலணித் தொழிற்சாலை ஒன்றின் கட்டடத்தில் இயங்கிய விடுதி அது. ‘குட்பை டு கிராவிட்டி’ என்ற ருமேனிய மெட்டல் இசைக்குழு தன் புதிய ஆல்பத்தை வெளியிட இலவச நிகழ்ச்சி நடத்தியது. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தவர்கள். மேடையில் கொளுத்திய மத்தாப்புப் பொறி தூணில் ஒட்டியிருந்த ஒலித்தடுப்பு பாலியூரித்தேன் நுரையில் பற்றியது. அங்கிருந்து தீ கூரைக்கு ஏறியது. ஓரிரு நிமிடங்களில் கூரை முழுக்க எரிந்து, உருகிய நுரை சொட்டுச் சொட்டாகக் கீழே நின்றவர்களின் தலையிலும் தோளிலும் கையிலும் விழுந்தது. வெளியேற நடைமுறையில் ஒரே வழிதான் இருந்தது. எல்லோரும் அந்த வழியில் குவிந்தார்கள்.

மருத்துவர் இந்த விவரங்களைப் படிக்கும்போது அவருக்கு மூன்று விஷயங்கள் தெரியவரும். காயம்பட்டவர்கள் இளைஞர்கள், எனவே பொதுவாகப் பிழைக்கும் வாய்ப்பு நல்லது. உருகிய பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டு எரிந்ததால் புண்கள் ஆழமானவை. மூடிய அறையில் பாலியூரித்தேன் எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும், ஆகவே பலருக்கு நுரையீரலும் வெந்திருக்கும்.

தீக்காயத்தின் பரப்பை நோயாளியின் உள்ளங்கையைக் கொண்டு அளப்பார்கள். விரல்களோடு சேர்த்து ஒரு உள்ளங்கை உடற்பரப்பில் சுமார் 1 சதவீதம். வயதையும் வெந்த சதவீதத்தையும் கூட்டி, புகையால் நுரையீரல் பாதித்திருந்தால் மேலும் 17 சேர்த்து ஓர் எண் போடுவது வழக்கம். எண் கூடக்கூட இறக்கும் ஆபத்தும் கூடும். 25 வயதுக்காரருக்கு 40 சதவீதத் தீக்காயமும் புகைப் பாதிப்பும் இருந்தால் அந்த எண் 82. நல்ல தீக்காய மையத்தில் அப்படிப்பட்டவர் பெரும்பாலும் பிழைத்து வீட்டுக்குப் போவார். ஆனால் அந்தக் கணக்கு நன்றாக நடத்தப்படும் மையங்களின் அனுபவத்திலிருந்து வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

தோல் போனால் என்னென்ன போகிறது

தோலை வெறும் உறை என்று நினைத்துக்கொண்டால் தீக்காயம் புரியாது. அதன் மேலடுக்கு உலர்ந்தது, லேசான அமிலத்தன்மை கொண்டது. பெரும்பாலான நோய்க்கிருமிகளுக்கு அந்தச் சூழல் ஒத்துவராது. தோலின் செல்கள் கிருமிகளின் உறையைத் துளைக்கும் சிறு புரதங்களைத் தாங்களே சுரக்கின்றன. மேல்தோலுக்குள் லாங்கர்ஹான்ஸ் செல்கள் பரந்து கிடக்கின்றன. உள்ளே நுழையும் அந்நியப் பொருளைப் பிடித்து நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோய், எதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளணுக்களான டி செல்களுக்குக் காட்டுவது அவற்றின் வேலை. ஆழ்ந்த தீக்காயத்தில் இந்த மூன்றும் ஒரே நொடியில் போய்விடுகின்றன.

போன இடத்தில் மிஞ்சுவது இன்னும் மோசமானது. வெந்து உறைந்த தோல், தோல்போலவே உடலில் ஒட்டிக்கொண்டிருக்கும். தொட்டால் தடித்த பதனிட்ட தோல்போல் விறைப்பாக இருக்கும். நிறம் மெழுகு வெள்ளையிலிருந்து கருப்பு வரை போகும். ஊசியால் குத்தினாலும் நோயாளிக்கு வலிக்காது, ஏனென்றால் நரம்பும் வெந்துவிட்டது. அதற்குள் ரத்த ஓட்டம் இல்லை. ரத்தம் போகாத இடத்துக்கு வெள்ளணுக்களும் போகாது, நரம்பில் ஏற்றும் ஆன்டிபயாடிக்கும் போகாது. ஈரமும் புரதமும் உடற்சூடும் தாராளமாக இருக்கும். கிருமி வளர இதைவிட வசதியான இடம் கிடையாது.

முதல் சில மணி நேரம் புண் ஏறக்குறைய கிருமியற்றதாகவே இருக்கும், வெப்பம் மேற்பரப்பில் இருந்தவற்றை அழித்துவிட்டிருப்பதால். மயிர்க்கால்களுக்கும் வியர்வைச் சுரப்பிகளுக்கும் அடியில் தப்பிய ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் இரண்டு நாளில் மேலே வரும். ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் நோயாளியின் சொந்தக் குடலிலிருந்தும் மருத்துவமனைச் சுற்றுப்புறத்திலிருந்தும் சூடோமோனாஸ், அசினிட்டோபாக்டர், க்ளெப்சியெல்லா போன்றவை வந்து குடியேறும். அதற்கும் பிறகு பூஞ்சை. இந்த நாட்கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், புக்கரெஸ்டின் இரண்டாவது வாரம் இதன் மேல்தான் நிற்கிறது.

ரத்தத்துக்குள் நடப்பது

தோல் போனது வெளிப்பக்கக் கதை. உடற்பரப்பில் 20 சதவீதத்துக்கு மேல் வெந்துவிட்டால் தீ தொடாத உறுப்புகளிலும் எதிர்ப்பாற்றல் குலைகிறது. நோயாளியின் உறவினர்கள் பலருக்குக் கடைசிவரை புரியாமல் போவது இந்தப் பகுதிதான். கை கால் வெந்தவருக்கு நிமோனியா ஏன் வர வேண்டும் என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

செத்த செல்கள் உடைந்து, உள்ளே இருக்க வேண்டிய பொருட்கள் ரத்தத்தில் கொட்டுகின்றன. மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ., வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள், எச்.எம்.ஜி.பி.1 என்ற கருப்புரதம் போன்றவை அவற்றில் சில. பாக்டீரியாவை அடையாளம் காண வைத்திருக்கும் அதே உணர்விகள் இவற்றையும் ஆபத்து என்று படிக்கின்றன. உடலில் ஒரு கிருமிகூட நுழையாத முதல் மணி நேரத்திலேயே முழுப்போர் தொடங்கிவிடுகிறது. இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8, டி.என்.எஃப். ஆகிய, அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைப் புரதங்கள் பல மடங்கு ஏறுகின்றன. ரத்தக் குழாய்கள் உடல் முழுக்கக் கசிகின்றன. முதல் நாளில் லிட்டர் கணக்கில் டிரிப் ஏற்றினாலும் போதாமல் போவதும் முகம் வீங்கி ஆளே அடையாளம் தெரியாமல் போவதும் இதனால்தான்.

அந்தக் கசிவோடு ஆன்டிபாடிகளும் போகின்றன. ரத்தத்தில் மிக அதிகமாக இருக்கும் ஆன்டிபாடி வகையான ஐ.ஜி.ஜி.யின் அளவு முதல் இரண்டு மூன்று நாட்களில் சட்டென்று சரிந்து, பழைய நிலைக்கு ஏற இரண்டு மூன்று வாரம் பிடிக்கிறது. கிருமியின் மேல் ஒட்டி அதை விழுங்க ஏதுவாக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்களும் எங்கும் எரியும் அழற்சியில் செலவழிந்து குறைகின்றன. ஐ.ஜி.ஜி.யை வெளியிலிருந்து ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனையில் அளவு சரியானதே தவிர, நோயாளிகள் கூடுதலாகப் பிழைக்கவில்லை. பழுது ஓரிடத்தில் மட்டும் இல்லை என்பதற்கு அது நல்ல சான்று.

அழற்சி கொழுந்துவிட்டு எரியும்போதே அதை அணைக்கும் வேலையையும் உடல் தொடங்கிவிடுகிறது. முன்பு இவை இரண்டும் அடுத்தடுத்த கட்டங்கள், முதலில் கொதிப்பு, பிறகு தளர்வு என்று பாடம் சொல்வார்கள். 2011இல் அமெரிக்காவில் விபத்துக் காயமும் தீக்காயமும் பட்டவர்களின் வெள்ளணு மரபணுக்களை ஆராய்ந்த பெரிய ஆய்வு அந்தப் பாடத்தை மாற்றியது. கடுமையான காயத்துக்குப் பிறகு வெள்ளணுக்களின் பணிகளில் 80 சதவீதத்துக்கு மேல் மாறிவிடுகின்றன, அழற்சிக்கான மரபணுக்கள் ஏறுவதும் டி செல்களுக்கான மரபணுக்கள் இறங்குவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன என்று அது காட்டியது. ஆக, நோயாளி ஒரே சமயத்தில் அதீத அழற்சியிலும் எதிர்ப்பாற்றல் இல்லாத நிலையிலும் கிடக்கிறார். அழற்சியை அடக்க மருந்து கொடுத்தால் மிச்சமுள்ள எதிர்ப்பும் போய்விடும், கொடுக்காவிட்டால் உறுப்புகள் கெடும். தீக்காய மருத்துவரின் கையைக் கட்டிப்போடும் சிக்கல் இது.

செல் செல்லாகப் பார்த்தால் படம் இன்னும் துலங்கும். கிருமியை முதலில் போய் விழுங்கும் வெள்ளணுக்களான நியூட்ரோஃபில்கள் எண்ணிக்கையில் கூடுகின்றன, ரத்த அறிக்கையைப் பார்ப்பவருக்குப் பரவாயில்லை என்றே தோன்றும். ஆனால் எலும்பு மஜ்ஜை அவசரத்தில் முதிராதவற்றையும் அனுப்புகிறது. அவை கிருமியை விழுங்கினாலும் கொல்லும் வேகம் குறைவு. பாஸ்டனில் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனை ஆய்வாளர்கள் மயிரிழையைவிடக் குறுகலான கால்வாய்கள் கொண்ட சில்லில் தீக்காயம் பட்டவர்களின் நியூட்ரோஃபில்களை விட்டுப் பார்த்தார்கள். ஆரோக்கியமானவரின் செல், கிருமியின் வாசனைபோன்ற ரசாயனம் இருக்கும் பக்கம் நேராகப் போகும். தீக்காயம் பட்டவரின் செல் திருவிழாக் கூட்டத்தில் வழி தவறிய குழந்தைபோல் முன்னும் பின்னும் அலைந்தது. ரசாயனமே இல்லாதபோதும் சும்மா நகர்ந்துகொண்டிருந்தது. அப்படி இலக்கில்லாமல் நகர்வது அதிகமாக இருந்தவர்களுக்கு செப்சிஸ், அதாவது தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினை காட்டி உறுப்புகள் கெடும் நிலை, வரும் வாய்ப்பும் அதிகம் என்று பிறகு தெரியவந்தது.

திசுக்களில் கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள், எதிர்ப்பை அடக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஈ2வை அதிகம் சுரந்து, எதிர்ப்பைத் தூண்டும் இன்டர்லூக்கின்-12ஐக் குறைக்கின்றன. அது குறைந்தால் டி செல்கள் கிருமியைத் தாக்கும் வகையை விட்டு அமைதிப்படுத்தும் வகைக்குச் சாய்கின்றன. மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் தாங்கள் பிடித்த கிருமித் துண்டை ஏந்திக் காட்டும் எச்.எல்.ஏ.-டி.ஆர். என்ற புரதம் அவற்றின் மேற்பரப்பில் குறைந்துபோகிறது. எதிரியைப் பிடித்தாலும் மற்றவர்களுக்குக் காட்ட முடியாத நிலை. டி செல்களின் எண்ணிக்கையும் விழுகிறது, இருப்பவை தாங்கள் பெருகத் தேவையான இன்டர்லூக்கின்-2ஐப் போதிய அளவு சுரப்பதில்லை.

இதற்கெல்லாம் கண்ணுக்குத் தெரியும் சாட்சி ஒன்று தீக்காய வார்டிலேயே உண்டு. இறந்தவரிடமிருந்து தானமாகப் பெற்ற தோலை நோயாளியின் புண்மேல் தற்காலிகமாகப் போர்த்துவார்கள். ஆரோக்கியமானவரின் உடல் அந்நியத் தோலை இரண்டு வாரத்துக்குள் உதறித் தள்ளிவிடும். பெரிய தீக்காயம் பட்டவரின் உடலில் அது பல வாரம் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மருத்துவருக்கு அது வசதி, நோயாளியின் சொந்தத் தோலை எடுத்து ஒட்டும்வரை அவகாசம் கிடைக்கிறது. அந்த வசதி எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் நெஞ்சு கனக்கும். அந்நியத் தோலை அடையாளம் காணத் தெரியாத உடலுக்கு சூடோமோனாஸையும் எதிர்க்கத் தெரியாது.

நுரையீரலும் குடலும்

கொலெக்டிவ் நோயாளிகள் பலருக்கு மூச்சுக்குழாய்களும் பாதிக்கப்பட்டிருந்தன. புகையின் நச்சு, சளியை மேலே தள்ளும் நுண்மயிர்களைக் கொல்கிறது. உரிந்த செல்களும் உறைந்த புரதமும் சேர்ந்து காற்றுக் குழாய்களை அச்சு வார்த்ததுபோல் அடைக்கின்றன. அதற்குப் பின்னால் தேங்கும் சளி கிருமிகளுக்கு இன்னொரு விளைநிலம். வென்டிலேட்டர் குழாய் தொண்டைக்குள் இருப்பதால் இருமவும் வழியில்லை.

குடலில் நடப்பது வேறு வகை. அதிர்ச்சி நிலையில் உடல் ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிட, குடல் பட்டினி கிடக்கிறது. அதன் உள்சுவர் தளர்ந்து, பாக்டீரியாவும் அவற்றின் நச்சும் ரத்தத்துக்குக் கசிகின்றன. முதல் நாளிலேயே மூக்குக் குழாய் வழியாக உணவு தொடங்கச் சொல்வது வெறும் சத்துக்காக மட்டுமில்லை, குடற்சுவரைக் காப்பதற்காகவும்தான். 40 சதவீதத்துக்கு மேல் வெந்தவரின் ஓய்வுநிலை ஆற்றல் செலவு இயல்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்காகலாம். சாப்பாடு போதாவிட்டால் உடல் தசையைக் கரைக்கும், எதிர்ப்புச் செல்களுக்கு வேண்டிய புரதமும் அதிலிருந்துதான் எடுக்கப்படும். கார்ட்டிசாலும் அட்ரினலினும் வாரக்கணக்கில் உச்சத்தில் நிற்பது இவை எல்லாவற்றையும் மோசமாக்குகிறது.

இரண்டாவது வாரம்

காயம்பட்ட நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் புக்கரெஸ்டின் பல மருத்துவமனைகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். ஒரே இரவில் இத்தனை பெரிய தீக்காயங்கள் வந்தால் எந்த நாடும் தடுமாறும். அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். அந்த இரவில் வேலை பார்த்த ஆம்புலன்ஸ் ஊழியர்களும் செவிலியர்களும் மருத்துவர்களும் உயிரைக் கொடுத்து உழைத்தார்கள். குறை, அடுத்த நாள் காலையில் தொடங்குகிறது. ஐரோப்பிய நாடுகள் படுக்கை தர முன்வந்திருந்தும், தேவையானவை எல்லாம் எங்களிடமே இருக்கின்றன என்று பொறுப்பில் இருந்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் தீக்காயக்காரருக்கு வேண்டிய தனி அறை, காற்றை வடிகட்டும் ஏற்பாடு, ஒருவருக்கு ஒரு செவிலியர் என்ற கணக்கு ஆகியவை அத்தனை பேருக்கும் கிடைக்க வழியில்லை. பொது ஐ.சி.யு.க்களில் மற்ற நோயாளிகளுக்கு அருகிலேயே பலர் கிடந்தார்கள்.

ஒரு வாரம் முடியும் தறுவாயில்தான் விமானங்கள் பெரிய அளவில் கிளம்பின. நெதர்லாந்து, பெல்ஜியம், பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரியா, நார்வே, இஸ்ரேல் எனப் பல நாடுகளுக்கு நோயாளிகள் போனார்கள். இசைக்குழுவின் டிரம்மர் சூரிக் நோக்கிப் பறந்த விமானத்திலேயே இறந்தார், விமானம் பாதி வழியில் திரும்பியது. ஐந்து பேர் கொண்ட அந்தக் குழுவில் இன்று உயிரோடு இருப்பது பாடகர் மட்டுமே. அவரும் நெதர்லாந்தில் சிகிச்சை பெற்றவர்.

ஏழாம் எட்டாம் நாட்களில் மருத்துவமனை மரணங்கள் அடுத்தடுத்து வந்தன. மொத்த பலி நாற்பதைத் தாண்டியது. மேலே சொன்ன நாட்கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். ஐந்திலிருந்து ஏழாம் நாளுக்குள் புண்ணில் கிருமிகளின் இரண்டாம் அலை ஏறுகிறது. ஐ.ஜி.ஜி. இன்னும் மீளவில்லை, டி செல்கள் அடிமட்டத்தில், நியூட்ரோஃபில்கள் திசை கெட்டு அலைகின்றன. தாமதத்துக்கு மிக மோசமான வாரம் அந்த முதல் வாரம்தான். காயம் பட்ட முதல் இரண்டு மூன்று நாட்களில் அனுப்பியிருந்தால், கிருமி குடியேறாத புண்ணோடு போயிருப்பார்கள்.

வெளிநாட்டு மருத்துவமனைகள் அவர்களை ஏற்றதும் கண்டது, பல ஆன்டிபயாடிக்குகளுக்கும் கட்டுப்படாத கிருமிகள். சூடோமோனாஸ் ஏருஜினோசா, அசினிட்டோபாக்டர் பவுமானி, க்ளெப்சியெல்லா நிமோனியே என்று பட்டியல் நீண்டது. மற்ற நோயாளிகளுக்குப் பரவாமலிருக்க இவர்களைக் கடுமையான தனிமையில் வைக்க வேண்டியிருந்தது. சூடோமோனாஸ் குழாய்த் தண்ணீரிலும் கை கழுவும் தொட்டியின் வடிகாலிலும் வாழும். புண்ணில் ஏறினால் சீழ் பச்சை நீலமாக மாறும், திராட்சைபோன்ற இனிப்பு வாடை வரும். வார்டில் பழகிய செவிலியர் கட்டைப் பிரிக்கும் முன்பே மூக்கால் அறிந்துவிடுவார். அசினிட்டோபாக்டர் உலர்ந்த கட்டில் கம்பியிலும் வென்டிலேட்டர் பொத்தானிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆரோக்கியமானவருக்கு இவை பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. எதிர்ப்பாற்றல் இழந்தவரைத் தேடிப் பிடிக்கும் கிருமிகள் இவை.

இவர்களுக்கு செப்சிஸைக் கண்டுபிடிப்பதும் எளிதில்லை. பெரிய தீக்காயம் பட்ட எவருக்கும் கிருமியே இல்லாவிட்டாலும் உடல் வெப்பம் 38.5 டிகிரி வரை நிற்கும், நாடி நிமிடத்துக்கு நூறைத் தாண்டும், வெள்ளணு ஏறும். அதனால்தான் அமெரிக்கத் தீக்காயச் சங்கம் 2007இல் இவர்களுக்கென்று தனி வரையறை வகுத்தது. 39 டிகிரிக்கு மேல் அல்லது 36.5க்குக் கீழ் வெப்பம் போவது, தட்டணு குறைவது, குழாய் உணவை வயிறு ஏற்க மறுப்பது போன்றவை அதில் உண்டு. மிகுந்த அனுபவமுள்ள கண் வேண்டியிருக்கிறது.

கேன்களில் இருந்தது என்ன

2016 ஏப்ரலில் ருமேனியாவின் விளையாட்டு நாளிதழ் ஒன்றில் பத்திரிகையாளர் கட்டாலின் டோலோன்டானும் அவருடைய சகாக்களும் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். ஹெக்ஸி ஃபார்மா என்ற நிறுவனம் நாட்டின் சுமார் 350 மருத்துவமனைகளுக்கு விற்ற கிருமிநாசினிகள் லேபிளில் எழுதியிருந்த அளவுக்கு இல்லை, பத்து மடங்கு வரை நீர்த்திருந்தன என்பது செய்தி. அறுவை அரங்கின் தரை, கருவிகள், கை என எல்லாவற்றுக்கும் அந்தக் கரைசல்தான். சுகாதார அமைச்சகம் முதலில் நிலைமை கட்டுக்குள் இருக்கிறது என்றது. மே மாதம் அமைச்சர் பதவி விலகினார். அதற்கு முன்பே, தீவிபத்து நடந்த அதே வாரத்தில், தெருவில் திரண்ட பல்லாயிரம் பேரின் கோபத்தில் பிரதமர் விக்டர் பொன்டா 2015 நவம்பர் 4 அன்று விலகியிருந்தார்.

இங்கே கணக்கைக் கவனிக்க வேண்டும். மருத்துவமனைக்கு வரும் கிருமிநாசினி அடர்த்தியான கரைசல், ஊழியர் லேபிளைப் பார்த்து அதில் தண்ணீர் கலப்பார். ஆலையிலேயே பத்தில் ஒரு பங்காகக் குறைத்து அனுப்பியிருந்தால், வார்டில் ஒழுங்காக விதிப்படி கலப்பவர் கையிலும் இறுதிக் கரைசல் தேவையானதில் பத்தில் ஒரு பங்கே இருக்கும். தன் வேலையைச் சரியாகச் செய்யும் துப்புரவுப் பணியாளர், கிருமியைத் துணியில் எடுத்து அடுத்த கட்டிலுக்குத் தடவிக்கொண்டு போவார், அவருக்கே தெரியாமல். பரவலாகப் பயன்படும் கிருமிநாசினிகளான குவாட்டர்னரி அமோனியம் வகைக் கரைசல்கள் பலம் குறைந்தால் சூடோமோனாஸ் அந்தக் கரைசலிலேயே உயிர் வாழும் என்பது பல பதிற்றாண்டுகளாகத் தெரிந்த செய்தி.

இதில் ஓர் எல்லையை மதிக்க வேண்டும். இத்தனை பேர் இந்தக் கரைசலால் இறந்தார்கள் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. 38 பேரில் சிலருடைய நுரையீரல் முதல் இரவிலேயே மீளாத நிலைக்குப் போயிருக்கும். சிலருடைய புண் உலகின் எந்த மையத்திலும் காப்பாற்ற முடியாத அளவு பெரியதாக இருந்திருக்கும். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் ஐரோப்பாவிலேயே மிக அதிகமாக உள்ள நாடுகளில் ருமேனியா ஒன்று என்பது இந்த நிறுவனம் இல்லாவிட்டாலும் உண்மைதான். இன்னொரு விஷயம் என்னை அதிகம் உறுத்துகிறது. ஐரோப்பிய மருத்துவமனைகளில் எந்த ஒரு நாளிலும் நூறு உள்நோயாளிகளில் ஏறத்தாழ ஆறு பேருக்கு மருத்துவமனையில் தொற்றிய நோய் இருக்கும். அதே காலத்தில் ருமேனியாவின் அதிகாரபூர்வக் கணக்கு ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. தொற்றைப் பதிவு செய்தால் மருத்துவமனைக்குக் கெட்ட பெயர், அதனால் யாரும் பதிவதில்லை. பதியாத இடத்தில் கிருமிநாசினி வேலை செய்யவில்லை என்று எப்படித் தெரியவரும்? போலிக் கரைசல் அத்தனை காலம் பிடிபடாமல் ஓடியதற்கு இந்த மௌனமும் ஒரு காரணம் என்றே நான் கணிக்கிறேன்.

என்ன செய்தால் பிழைப்பார்கள்

சரிந்த எதிர்ப்பாற்றலை நேராக நிமிர்த்தும் மருந்து இன்றுவரை இல்லை. எதிர்ப்புச் செல்களுக்கு உணவாகும் குளூட்டமின் மேல் பெரிய நம்பிக்கை இருந்தது. 1,200 தீக்காய நோயாளிகளிடம் பல நாடுகளில் நடந்த சோதனையின் முடிவு 2022இல் வந்தது. பலன் இல்லை. காய்ச்சல் வருமுன்னே ஆன்டிபயாடிக் ஏற்றிவைப்பதும் உதவாது. அது எளிய கிருமிகளைக் கொன்று அடங்காதவற்றுக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கிறது.

உண்மையில் உயிரைக் காப்பாற்றியது கத்திதான். இன்றைய ஸ்லோவேனியாவின் மரிபோர் நகரில் ஸோரா யான்செகோவிச் என்ற பெண் மருத்துவர் 1960களில் ஒரு முறையைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்து 1970இல் வெளியிட்டார். கருகிய தோல் தானாகக் கழன்று விழும்வரை வாரக்கணக்கில் காத்திருப்பதே அதுவரை வழக்கம். அவர் முதல் சில நாட்களிலேயே அதை மெல்லிய அடுக்கடுக்காகச் சீவினார், ரத்தம் புள்ளி புள்ளியாகக் கசியும் உயிருள்ள தளம் வரும்வரை. உடனே அதன்மேல் நோயாளியின் சொந்தத் தோலை ஒட்டினார். இதில் கிருமியின் விளைநிலமும் போகிறது, அழற்சியைத் தூண்டிக்கொண்டிருக்கும் செத்த திசுவும் போகிறது. புண் மூடும் வேகத்தில் எதிர்ப்பாற்றலும் மீளத் தொடங்குகிறது.

மற்றதெல்லாம் கேட்கச் சாதாரணமாகத் தோன்றும் வேலைகள். தனி அறை, 30 டிகிரியை ஒட்டிய வெப்பம், முதல் நாள் முதல் குழாய் உணவு, ஒவ்வொரு டிரெஸ்ஸிங்குக்கும் புதிய கையுறையும் அங்கியும், வெள்ளி கலந்த களிம்பு அல்லது கட்டு, வாரம் இரு முறையாவது புண்ணிலிருந்து மாதிரி எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை, குழாய்த் தண்ணீருக்கு வடிகட்டி. இவற்றை ஐ.சி.யு.வின் சுத்தக் கணக்கில் மட்டும் சேர்க்கும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. தோலும் ஆன்டிபாடியும் டி செல்லும் செய்ய முடியாத வேலையை அந்த வாரங்களில் இவைதான் செய்கின்றன. மருந்துச்சீட்டில் எழுதும் ஆன்டிபயாடிக்குக்கு உள்ள அதே கண்டிப்பு கிருமிநாசினியின் அடர்த்தியைச் சோதிப்பதற்கும் வேண்டும். கொலெக்டிவ் நோயாளிகளுக்கு அந்த இரண்டாவது பாதுகாப்பும் இல்லாமல் போனது.

ருமேனியாவில் அதற்குப் பிறகு உலக வங்கிக் கடனில் புதிய தீக்காய மையங்கள் திட்டமிடப்பட்டன. 2023 ஆகஸ்ட் 26 அன்று புக்கரெஸ்டுக்கு அருகே கிரெவேடியா என்ற ஊரில் எரிவாயு நிலையம் வெடித்து, தீயணைப்பு வீரர்கள் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தபோது அந்த மையங்கள் இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை. மோசமாக வெந்தவர்களை இத்தாலி, பெல்ஜியம், ஜெர்மனி உள்ளிட்ட நாடுகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். இந்த முறை ஒரு வாரம் காத்திருக்கவில்லை, முதல் விமானங்கள் அடுத்த நாளுக்குள் கிளம்பிவிட்டன.